நான்தான், சிஸ்டர்

அந்தச் சத்தம் மறுபடியும் வந்தது. கல்லும் கல்லும் உரசுகிற மாதிரி, ஆனால் கல் இல்லை, கல்லென்றால் இவ்வளவு ஈரமாகக் கேட்காது. யாரோ வாசற்கதவின் அடிப்பக்கத்தை ஆணியால் மெல்லச் சுரண்டிவிட்டு, உள்ளே யார் காதிலாவது விழுந்ததா என்று நின்று பார்ப்பது மாதிரி. ஜெசிந்தா கரண்டியைக் குழம்புக்குள்ளேயே விட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள். இருட்டி வெகு நேரம் ஆகவில்லை, அயனாவரம் முழுக்க இன்னும் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது, கீழே தண்ணீர் லாரிக்காரன் ரிவர்ஸ் எடுக்கிறான், எதிர் பிளாக்கில் எந்த வீட்டிலோ சீரியல் மாமியார் அழுகிறாள், இத்தனைக்கும் நடுவில் இந்த ஒரு சத்தம் மட்டும் எப்படித் தனியாக வந்து காதில் ஏறுகிறது. எலியாக இருக்கும். எலி என்றால் ஓடும், இப்படி நின்று நின்று யோசிக்காது. வளர்மதி மேடமாக இருக்குமோ. குழந்தைகள் பாதுகாப்பு ஆபீஸிலிருந்து வருகிற வளர்மதி மேடம் சொல்லாமல்தான் வருவார், "சொல்லிட்டு வந்தா எல்லா வீடும் நல்ல வீடாத்தான் இருக்கும்மா" என்று முதல் நாளே சிரித்துக்கொண்டு சொன்னவர், ஆனால் அவர் கதவைச் சுரண்ட மாட்டார், படி ஏறும்போதே மூச்சு வாங்க "ஜெசிந்தா" என்று குரல் கொடுப்பார். இன்றைக்கு மட்டும் வந்துவிடக் கூடாது. வந்தால் பார்ப்பார், பெட்ரூமில் தர்ஷினி தூங்குகிறாள், வீட்டில் வேறு யாருமில்லை, ஜெசிந்தா தனியாகக் குழந்தையோடு இருக்கிறாள். இருக்கக் கூடாது. ஆபீஸ் போட்ட நிபந்தனை அது: தாயைக் குழந்தையோடு தனியாக விடக் கூடாது, புருஷன் சுதாகர் வேலைக்குப் போகும் நேரமெல்லாம் எதிர்வீட்டு பல்கீஸ் அக்கா வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். பல்கீஸ் அக்காவும் பாவம், முறுக்கு டப்பாவோடு வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசி, ஒரு நாள்கூட மூஞ்சி சுளித்ததில்லை. இன்றைக்குப் பெரியமேட்டில் அவள் தங்கை மகளுக்குக் கல்யாண விருந்து. "தலையக் காட்டிட்டு பறந்து வந்துடறேன்டி. உனக்கு ஒரு டப்பா பிரியாணி, தர்ஷுவுக்கு ரொட்டி அல்வா. அதுக்குள்ள உன்னை எந்த கவர்மெண்டு வந்து தூக்கிட்டுப் போவப் போவுது" என்று சொல்லிவிட்டுப் போனாள். போனவள் போனதுதான். 

எந்த கவர்மெண்ட் தூக்கிக்கொண்டு போகும். அதைத்தான் ஜெசிந்தா பகல் முழுக்க யோசிக்கிறாள், பாத்திரம் தேய்க்கும்போது, துணி பிழியும்போது, மேடம் சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சியைச் செய்யும்போதும்கூட. மூச்சை உள்ளே இழுத்து, நிறுத்தி, மெதுவாக விடணும்; கோபம் தலைக்கேறினால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்து பால்கனிக்குப் போய் நின்றுவிடணும்; கையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக்கொள்ளணும். அவள் செய்கிறாள். ஒன்று விடாமல் செய்கிறாள், கோபமே வராதபோதும் பால்கனிக்குப் போய் நிற்கிறாள், கையில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறாள், கான்வென்டில் ஹோம்வொர்க் செய்யாமல் போனதே கிடையாது. "ரொம்ப நல்ல முன்னேற்றம் ஜெசிந்தா" என்று போன கவுன்சலிங்கில் மேடம் சொன்னபோது அவளுக்கு உள்ளுக்குள் பூத்ததே ஒரு சந்தோஷம், நோட்டில் சிஸ்டர் சிவப்பு மையில் நட்சத்திரம் போட்டுக் கொடுத்த மாதிரி, அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. எதில் முன்னேற்றம். அடிக்காதவள் அடிக்காமல் இருப்பதில் முன்னேறிக்கொண்டிருக்கிறாள். சுடாதவள் சுடாமல் இருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு மேடம் இன்னொன்றும் கேட்டார், கோபம் வருவதற்கு முன்னாடி உடம்பில் முதலில் எங்கே தெரியும் என்று. ஜெசிந்தா கொஞ்சமும் தயங்காமல், பாடம் ஒப்பிப்பது மாதிரி, "காதுக்குக் கீழ தாடை லேசா ஆடும் மேடம், அப்புறம் கண்ணு சின்னதாப் போயிடும், அப்புறம் ரொம்ப அமைதியாப் பேச்சு வரும்" என்றாள். மேடத்தின் பேனா நின்றது. நிமிர்ந்து என்னவோ கேட்க வாயெடுத்தார், அதற்குள் கூட வந்திருந்த சுதாகர் கதவைத் தட்டி, "மேடம், குழந்தைக்குப் பசிக்குது, தப்பா நினைச்சுக்காதீங்க" என்று பணிவாகத் தலையை நீட்டினான். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்ற பிறகுதான் அவளுக்கே உறைத்தது, தன் தாடை ஆடுவதை எவளும் தானே பார்த்திருக்க முடியாது என்று.

சத்தம் நின்றுவிட்டது. நின்றால்தான் இன்னும் பயமாக இருக்கிறது. சுட்டது நான்தான் என்று ஏன் சொன்னேன், ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது, தெரியாது என்றும் சொல்ல முடியாது. எல்கேஜி மிஸ் பார்த்துவிட்டார், உட்காரும்போது தர்ஷினி ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து உட்கார்கிறாளே என்று ஃபிராக்கைத் தூக்கிப் பார்த்திருக்கிறார், தொடையில் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அப்படியே பதிந்து கிடந்தது, மிஸ் ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டுவிட்டார். அன்று சாயங்காலமே வளர்மதி மேடமும் இன்னொருவரும் வந்து குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், மருந்து போட்டு, பிறகு ஒரு பச்சைப் பெயின்ட் அடித்த அறையில் ஜெசிந்தாவைத் தனியாக உட்காரவைத்தார்கள். டேபிளில் ஒரு பொம்மை வாத்து. மேடம் மெதுவாகத்தான் கேட்டார், அதட்டவே இல்லை, "யாரும்மா செஞ்சது, பயப்படாம சொல்லுங்க." அதட்டியிருந்தால்கூட அழுதிருப்பாள், அழுதால் உண்மை வந்திருக்கும். அந்த மெதுவான குரல்தான் அவளைக் கெடுத்தது, அது அப்படியே சிஸ்டர் பெர்னதெத்தின் குரல். ஏழாம் வகுப்பில் சேப்பலின் பூ ஜாடி உடைந்தபோது சிஸ்டர் அப்படித்தான் கேட்டார்கள், "கேர்ள்ஸ், யார் உடைச்சது," கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தபடி நின்றார்கள், நாற்பது பெண்களும் மூச்சுவிடவில்லை, மின்விசிறி மட்டும் சுற்றியது, அந்த மௌனம் தாங்காமல் ஜாடியைத் தொட்டே பார்க்காத ஜெசிந்தா எழுந்து நின்றாள். நான்தான், சிஸ்டர். வெயிலில் முட்டி போட்டாள், ஜெபம் சொன்னாள், மணி அடித்ததும் சிஸ்டர் வந்து தலையில் கை வைத்து, "குட் கேர்ள், ஒத்துக்கிட்டா எல்லாம் முடிஞ்சிடும்" என்றார்கள். முடிந்தது. வகுப்பு முழுக்க அவளைப் பார்த்துச் சிரித்தது, உடைத்தவள் மதியம் தன் ஆம்லெட்டைக் கொடுத்தாள். அதற்கப்புறம் எத்தனை தடவை, கிழிந்த மேப், தொலைந்த டஸ்டர், நான்தான் சிஸ்டர், முட்டி போடு, தலையில் கை, முடிந்தது. யாராவது ஒருத்தர் எழுந்து நின்றால் அறை முழுக்கக் காற்று வந்துவிடும், அவ்வளவுதான் விஷயம், அந்தக் காற்றுக்காகத்தான் அவள் பச்சை அறையிலும் எழுந்தே நின்றுவிட்டாள், நாற்காலியிலிருந்து, இருபத்தைந்து வயதுப் பெண்பிள்ளை, "நான்தான் மேடம்." தலையில் கை வைப்பார்கள், திட்டுவார்கள், குழந்தையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள், எல்லாம் முடிந்துவிடும் என்று. மேடம் தலையில் கை வைக்கவில்லை. "உக்காருங்க" என்றார். அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. குழந்தைகள் நலக் கமிட்டி, விசாரணை, கவுன்சலிங். இவளைக் குழந்தையோடு தனியாக விடக் கூடாது. குழந்தையின் பாதுகாப்புக்கு அப்பா பொறுப்பு. சுதாகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொறுப்பேற்றுக்கொண்டான்.

சத்தம். இப்போது கிட்டத்தில், வாசலில் இல்லை, வாசலில் இல்லவே இல்லை, உள்ளேயிருந்து வருகிறது. பீரோவுக்குப் பின்னாலா. ஜெசிந்தா வெறுங்காலோடு பெட்ரூம் வாசலில் வந்து நின்றாள், லைட்டைப் போடவில்லை, தெருவிளக்கின் மஞ்சள் ஜன்னல் கம்பி வழியாகக் கட்டில்மேல் கோடு கோடாக விழுந்திருந்தது. தர்ஷினி ஒருக்களித்துப் படுத்திருந்தாள், முழங்காலை நெஞ்சோடு சேர்த்து, இரண்டு முஷ்டியையும் கழுத்தடியில் வைத்து, நாலு வயதுக் குழந்தை அந்தக் கட்டிலில் ஒரு தலையணை அளவு இடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அவள் வாயிலிருந்துதான் வந்தது. பல்லைக் கடிக்கிறாள். பால்பல்லும் பால்பல்லும் ஒன்றையொன்று அரைக்கிறது, நறநறவென்று, நிறுத்தி, மறுபடி நறநறவென்று, தூக்கத்தில் யாருக்கோ பதில் சொல்லாமல் இருப்பதற்காக வாயை இறுக்குகிற மாதிரி. இவ்வளவு சின்ன வாயிலிருந்து இவ்வளவு பெரிய சத்தமா. ஜெசிந்தா குனிந்து அவள் கன்னத்தில் கை வைத்தாள், தாடை கல்லாக இருந்தது, கை பட்டதும் குழந்தை கண்ணைத் திறக்காமலே, "அம்மா, நான் தொடலை" என்றது. என்னத்தைத் தொடவில்லை. சட்டையைத்தான். மவுண்ட் ரோட்டுப் பெரிய ஓட்டலில் பரிமாறுகிற ஸ்டூவர்டு சுதாகர், வெள்ளைச் சட்டை, ஒரு மடிப்புப் பிசகக் கூடாது, தானேதான் தேய்த்துக்கொள்வான், இவள் தேய்த்தால் பிடிக்காது. அன்றைக்குத் தேய்க்கப் போட்டிருந்த சட்டையின் கையில் குழந்தை ஆரஞ்சு கிரேயானால் ஒரு சூரியன் வரைந்துவிட்டது. அவன் கத்தவில்லை. அவன் கத்துவதே கிடையாது. "சூடு எதுன்னு தெரிஞ்சாத்தான் சூரியன் வரையணும்" என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, மடியில் உட்காரவைக்கிற மாதிரித்தான் இழுத்தான். ஜெசிந்தா அடுக்களையிலிருந்து ஓடி வந்தபோது ஆகவேண்டியது ஆகியிருந்தது. அவள் ஒரு வார்த்தை கேட்டாளா. கேட்டாள். "என்னங்க இது" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

அன்றைக்குப் பச்சை அறையிலிருந்து வெளியே வந்ததும் வழியெல்லாம் அவன் அவள் கையை விடவில்லை. ஆட்டோவில் அழுதான், நிஜமாகவே அழுதான், "நீ என் சாமிடி, என் வேலையக் காப்பாத்திட்ட, இனிமே என் கை அவ மேல படாது" என்றான், மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தான். ஒரு வாரம் படவில்லை. வளர்மதி மேடம் வந்தால் தானே டீ போட்டு டிரேயில் கொண்டுவந்து, முதுகை வளைத்து வைத்து, "எங்க ஓட்டல்ல இது எரநூறு ரூவா மேடம், உங்களுக்கு ஃப்ரீ" என்பான், மேடம் சிரிக்காமல் டீயை மட்டும் குடிப்பார். பிறகு ஒரு நாள் தட்டில் குழம்பு உப்புக் கரித்தது. "என்னா கான்வென்ட்டு," அவளை அவன் கூப்பிடுவது அப்படித்தான், காதலித்த காலத்தில் அது கொஞ்சலாக இருந்தது, அந்தப் பேருக்காகவே வீட்டைவிட்டு வந்தாள், "என்னா கான்வென்ட்டு, சிஸ்டருங்க உப்பு போடக் கத்துக்கொடுக்கலையா. மேடத்துக்கிட்டப் போயி சொல்லேன், புருஷன் கொடுமைன்னு. எவ நம்புவா. புள்ளைய சுட்டவன்னு ஊருக்கே நீதான் சொல்லியிருக்க. நான் காவலுக்கு இருக்கறவன்." சிரித்துக்கொண்டே சொன்னான். அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது, தான் எழுந்து நின்றது யாருக்கும் காற்று வரவழைக்கவில்லை, இருந்த ஒரே ஜன்னலையும் சாத்தியிருக்கிறது. இன்று காலையில் குழந்தை படுக்கையை நனைத்துவிட்டது. அவன் நின்று பார்த்தான். காதுக்குக் கீழே தாடை ஆடியது. கண் சின்னதாகப் போனது. "பரவால்ல, பரவால்ல," ரொம்ப அமைதியாக, "ராத்திரி வந்து அப்பா சொல்லித்தரேன், என்ன," என்று குழந்தையின் தலையைத் தடவிவிட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, போகிற போக்கில் அலமாரிமேல் இருந்த இஸ்திரிப் பெட்டியின் ஒயரை எடுத்து நேராகச் சுற்றி வைத்துவிட்டுப் போனான். அதிலிருந்து குழந்தை ஒரு வாய் சாப்பிடவில்லை.

ஏழு மணிக்கு ஷிஃப்ட் முடிந்திருக்கும், அதற்குமேல் பஸ், அதற்குமேல் முனையில் ஒரு சிகரெட். இருக்கிறது, இன்னும் நேரம் இருக்கிறது. எங்கே போவது. அப்பா வீட்டில் அவள் போட்டோவைக்கூடச் சுவரிலிருந்து எடுத்துவிட்டார்களாம். போன் செய்யலாம், மேடத்துக்கு, "எந்நேரமா இருந்தாலும் கூப்பிடுங்க" என்றுதான் சொல்லியிருக்கிறார், ஆனால் என்னவென்று சொல்வது. பொய் சொன்னேன் என்றா. பொய் சொல்கிறவளிடம் பிள்ளையை யார் விடுவார்கள். சுட்டவள் என்றால் திருந்துவாள் என்று விட்டார்கள். சுட்டவனைக் காப்பாற்றியவளை எப்படி விடுவார்கள், அது இன்னும் கேவலம் இல்லையா, அப்போது ஒரேயடியாக எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், ஹோமில் வரிசையாகக் கட்டில் போட்டிருக்கும், வரிசையாகத் தட்டு, ராத்திரி இது பல்லைக் கடித்தால் பக்கத்துக் கட்டில் குழந்தை பயந்து அழும், யார் எழுந்து வந்து கன்னத்தில் கை வைப்பார்கள். போன் செய்யாவிட்டால் பிள்ளை இங்கேயே இருக்கும். இங்கே, இந்தக் கட்டிலில், அலமாரிக்கு எதிரில். ஜெசிந்தா சிரித்துவிட்டாள், சத்தமில்லாமல், பிள்ளையை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எதற்குக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அவன் வந்து எடுத்துக்கொள்வதற்கா. தர்ஷினி மறுபடி பல்லை அரைத்தாள். கை தானாகப் போனை எடுத்தது. மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்க மாட்டார், நல்லது, எடுக்கவே வேண்டாம் என்று அவள் வேண்டிக்கொண்டிருக்கும்போதே, "சொல்லுங்க ஜெசிந்தா" என்று குரல் வந்தது, பின்னால் குக்கர் விசில், யாரோ "அம்மா, என் யூனிஃபார்ம் எங்க" என்று கேட்பது. "நான்தான் மேடம்" என்றாள். அந்த வார்த்தைக்குப் பின்னால் அவளுக்கு வேறெதுவும் சொல்லிப் பழக்கமில்லை. "சொல்லுங்க." "நான் இல்ல மேடம்." "என்ன இல்ல?" "நான் பண்ணலை. அவர்தான். நான் பொய் சொல்லிட்டேன்." குக்கர் விசில் நின்றது, யாரோ கதவைச் சாத்தினார்கள், மேடம் தனியறைக்கு வந்திருக்க வேண்டும். "அவர் எங்க இப்ப?" "வந்துட்டிருப்பாரு. காலையில குழந்தை படுக்கையை நனைச்சிடுச்சு. ராத்திரி வந்து சொல்லித்தரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு." "பல்கீஸ் கூட இருக்காங்களா?" "இல்ல. நான் தனியா இருக்கேன், தெரியும் மேடம், இருக்கக் கூடாது." "அதை விடுங்க. நான் கிளம்பறேன். ஸ்டேஷன்லேர்ந்து ஒரு லேடி கான்ஸ்டபிளைக் கூட்டிட்டு வரேன். அதுவரைக்கும் கதவைத் திறக்காதீங்க. அவரு எவ்ளோ நல்லாப் பேசினாலும் திறக்காதீங்க, என் குரல் கேட்டாத் திறங்க." "குழந்தையை எடுத்துக்குவீங்களா மேடம்?" "உங்ககிட்ட ஆறுதலுக்குப் பொய் சொல்ல மாட்டேன்மா. கமிட்டி கேள்வி கேக்கும். ஏன் அன்னிக்கு அப்படிச் சொன்னீங்கன்னு திரும்பத் திரும்பக் கேக்கும். நல்லா இருக்காது. ஆனா நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். இன்னிக்கு ராத்திரி நீங்களும் அவளும் ஒரே இடத்துலதான் தூங்குவீங்க, அது ஒண்ணுக்கு நான் பொறுப்பு. போன கவுன்சலிங்லயே உங்களை நான் கேக்காம விட்டிருக்கக் கூடாது. எனக்கு சந்தேகம் இருந்துச்சு. சரி, இப்பப் போயி கதவைப் பூட்டுங்க." 

பூட்டு. பூட்டு எதற்காகும், அவனிடம் சாவி இருக்கிறது, எப்போதும் தன் சாவியைப் போட்டுத்தான் வருவான், உள்ளே தாழ் போடக் கூடாது என்பது கல்யாணமான நாளிலிருந்து சட்டம், "என் வூட்டு வாசல்ல நான் என்னா பிச்சைக்காரனா, தட்டிக்கினு நிக்க." அந்த மேல் தாழ்ப்பாளை யாரும் தொட்டதே இல்லை, அவன் கதவுக்குப் பெயின்ட் அடித்தபோது அதற்கும் சேர்த்து அடித்துவிட்டான், பிரவுன் பெயின்ட் பொருக்குக் கட்டி, தாழ் கதவோடு கதவாக ஒட்டிக் கிடக்கிறது. ஜெசிந்தா ஸ்டூலில் ஏறி இரண்டு கையாலும் தள்ளினாள். அசையவில்லை. கட்டைவிரல் நகம் பிய்ந்தது. கீழே கேட் கிரீச்சிட்டது, வேறு யாராவது, மாடிவீட்டு வாத்தியாராக இருக்கும், இல்லை, வாத்தியார் படியில் விசிலடிக்க மாட்டார், அவன் ஏறுகிறான், ஒவ்வொரு படியாக, அவசரமில்லாமல், பழைய பாட்டு ஒன்றை விசிலடித்துக்கொண்டு, இன்றைக்கு டிப்ஸ் நன்றாகக் கிடைத்திருக்கும், நல்ல மனநிலையில் இருக்கிறான், நல்ல மனநிலையில்தான் அன்றைக்கும் இருந்தான். அவள் ஸ்டூலிலிருந்து குதித்து அடுக்களைக்கு ஓடி, இஞ்சி தட்டுகிற இரும்பு உலக்கையை எடுத்து வந்தாள். அடித்தால் சத்தம் கேட்கும். கேட்கட்டுமா. பிளாக் முழுக்கக் கேட்கும், இந்த வீட்டிலிருந்து இதுவரை ஒரு சத்தம் வெளியே போனதில்லை, அவன் கத்த மாட்டான், அவள் அழ மாட்டாள், குழந்தை பல்லைக் கடித்துக்கொள்ளும். அடித்தாள். பெயின்ட் பொருக்கு தெறித்துக் கண்ணில் விழுந்தது. இன்னொன்று. எதிர் பிளாக்கில் டிவியைக் குறைத்தார்கள். கட்டிலில் குழந்தை எழுந்து உட்கார்ந்து, "அம்மா, அம்மா" என்கிறது, வரேன்டா, வரேன் கண்ணு. விசில் நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம், கட்டைவிரல் தூரத்தில், அவன் மூச்சு. "என்னா கான்வென்ட்டு, உள்ள என்ன, வூட்ட இடிக்கிறியா" என்று சிரித்துக்கொண்டு கேட்கிறான், சாவி துவாரத்துக்குள் நுழைகிறது, ஒரு சுற்று, பூட்டு விலகிக் கதவு மயிரிழை உள்ளே வந்தது, அவள் தோளைக் கொடுத்துக் கதவை முட்டித் தள்ளிக்கொண்டு மூன்றாவது முறை ஓங்கி அடித்தாள், தாழ் பெயின்டைக் கிழித்துக்கொண்டு நகர்ந்து மேல் நிலைக்கட்டையின் துளையில் போய்ச் சொருகி நின்றது.